கண்ணை மூடிக்கொண்டு பேசிய சம்பந்தம்

மதுரை,
1935 பிப்ரவரி 10, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

ஞானதாசன் எழுதுவது. மாமி, பூங்கனி, என் அம்மா எல்லாரும் நலந்தானே. இத்தனை நாள் எழுதாததற்குத் திட்ட வேண்டாம். இங்கே பாடசாலையில் வருஷக் கடைசி. நாடகம் படிக்கிறவனுக்கு எதற்குப் பரீட்சை என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இருக்கிறது மாமா. விடியுமுன் குரல் சாதகம், கஞ்சி, பிறகு ஹார்மோனியத்தோடு பாட்டு, மத்தியானம் வசனம், வெயில் தாழ்ந்ததும் ஆட்டம். நடுவே கம்பெனிக்காரர்களுக்கு அரிதாரம் குழைப்பதும் படுதா இழுப்பதும் எங்கள் தலையில்தான். எந்த நேரத்தில் எந்த வேஷத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது. நேற்று இன்னும் கொஞ்சம் சோறு கேட்கப் போய், சமையல்காரரை ‘மந்திரியாரே’ என்று கூப்பிட்டுவிட்டேன்.

என் குரல் ராஜபார்ட்டுக்கு ஏறவில்லை என்று வாத்தியார் என்னைப் பபூன் வரிசைக்குத் தள்ளிவிட்டார். பபூனுக்குப் பரீட்சை என்னவென்றால், தானே கட்டின ஒரு காட்சியைப் பாட்டோடு நடித்துக் காட்ட வேண்டும். டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களுக்கு முன்னால். பழைய காட்சி எடுக்கக் கூடாது. கம்பெனி முதலாளி முன்வரிசையில் இருப்பார். ஜனங்கள் சிரித்தால் கம்பெனியில் இடம். சிரிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.

‘கூத்தாடியாவா பெத்தேன்’ என்று அம்மா அழுதபோது எனக்காகப் பேசினவர் நீங்கள் ஒருவர்தான். தோற்றுத் திரும்பினால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நான் கட்டின காட்சிக்கு என் கூட்டாளி ஐயப்பன்கூடச் சிரிக்கவில்லை. அவன் ஆரல்வாய்மொழிக்காரன், ஆடு தும்மினாலும் சிரிப்பான். மாமா, நீங்கள் கடையில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் சந்தையே நிற்குமே. ஏதாவது எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மருமகன்,
ஞானதாசன்

* * *

மார்த்தாண்டம்,
பிப்ரவரி 17

மதுரைக்கு ராஜாவாட்டு போயி பபூனாட்டு எறங்கின எனக்க மருமவனுக்கு, கருப்பட்டிக்கடை ஏசுஅடிமை எழுதுதது.

நான் மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு விடுதல குடுத்தவன். கொம்பும் சுழியும் விட்டுப்போன எடத்துல நீயே போட்டு வாசிச்சுக்க. ஒன்னய பபூனாக்கின வாத்தியாரு கெட்டிக்காரன். ஒனக்க மொகத்துக்கு கிரீடம் வச்சா கிரீடந்தான் அழும்.

இஞ்ச ஒரு விசேசம். பூங்கனிக்கு மாப்பிள பாத்தாச்சு. களியக்காவிளையில ஜவுளிக்கடை நேசையன்னு ஒருத்தரு, அவருக்க எளய மவன். பள்ளிக்கூடத்துல பாடஞ் சொல்லிக் குடுக்க சாரு. நேசையனுக்க பெண்டாட்டி ஞானசெல்வி போன வருசம் தவறிட்டு. அதனால பொண்ணு பாக்க அவருதான் மவனையுங் கூட்டிட்டு வந்தாரு.

நம்ம ஆளுவளுக்க வழக்கம் ஒனக்குத் தெரியுமே. எலை போட்டா, விருந்துக்கு வந்த பெரியவரு ஜெபம் பண்ணணும். சீதனம் கேக்கதுக்கு அவருக்கு வெக்கம். ஜெபம் பண்ணதுக்கு என்ன வெக்கம்? கண்ண மூடினாரு, தொடங்கினாரு:

“ஆண்டவரே, இந்த அன்னத்துக்காக ஸ்தோத்திரம். களியக்காவிளை ரோட்டுமேல அடியேனுக்கு மாடிவச்ச கடை தந்தீரே, அதுவும் உமக்குத் தெரியும். எனக்க மவனுக்கு மாசச் சம்பளத்துல வேல தந்தீரே, அதுவும் உமக்குத் தெரியும். மூத்த மருமவ வரும்பம் அவளுக்க அப்பன் தெங்கந்தோப்பு எழுதித் தந்தாரே, அதுவும் உமக்குத் தெரியும். இந்த வீட்டாருக்க இருதயத்தையும் விசாலமாக்கும்.”

ஆமென் சொல்லதுக்குள்ள நான் பிடிச்சுக்கிட்டேன்.

“ஆண்டவரே, எனக்க இருதயம் விசாலந்தான், தோப்புதான் ஒடுக்கம். இந்த வருசம் பனை சுரக்காமப் போனது உமக்குத் தெரியும். பிள்ளைக்கு கழுத்துக்கும் கைக்கும் போடுதேன். காதுக்கு அவளுக்க அம்மைக்கது இருக்கு.”

“இடுப்புக்கு, ஆண்டவரே?”ண்ணு கேக்காரு நேசையன்.

“இடுப்புக்குச் சேலை இருக்கு ஆண்டவரே”ண்ணேன்.

மெல்ல ஒரு கண்ணத் தொறந்து அவரு மொகத்தப் பாத்தேன். அவருக்கும் ஒரு கண்ணு தொறந்துதான் இருந்து. ரெண்டுபேரும் படக்குண்ணு மூடிக்கிட்டோம். ஒனக்க மாமி கதவுக்குப் பின்னால சேலைத் தலப்ப வாயில திணிச்சிட்டு நிக்கா. மீன் கூட்டான் ஆறி ஆடை கெட்டிட்டு. கடைசில கடைக்குப் பின்னால கெடக்க வாழைத்தோட்டத்த எழுதித் தாறேண்ணதுல காரியம் தீந்து.

தீந்துதுண்ணு பாத்தா, மனுசன் ஆமென் சொல்லாம நிறுத்திட்டாரு. பிறவு சொல்லுதாரு: “ஞானசெல்வி இருந்தா இந்தப் பிள்ளைய அவ பாத்திருப்பா. எனக்குப் பாக்கத் தெரியாது ஆண்டவரே. ஒரு நாழிகைக்கு அவள இஞ்ச அனுப்பித் தாரும். பாத்துட்டு வந்துரட்டு.” அழுதுட்டாரு. ஒருக்க பாத்துட்டு மூடினவன்தான், பிறவு எனக்குக் கண்ணத் தொறக்கத் தோணல. அதுக்கு மட்டும் சிரிக்க முடியல மக்கா.

இத ஒனக்கு மட்டும் எழுதுதேன். கலியாணம் முடியட்டு, பந்தியில வச்சு நேசையன் முன்னாலயே பேரத்த நான் சொல்லி அவரையே சிரிக்க வைப்பேன். அதுவர ஒனக்க வாயில பூட்டு. ஒனக்க காட்சிக்கு, நேத்து சந்தையில மரச்சீனிக் கெழங்கு விக்கவளுக்கும் எனக்கும் நடந்த சண்டய பின்பக்கத்துல எழுதியிருக்கேன். மதுரைக்காரனுக்கு அது போரும்.

ஏசுஅடிமை

* * *

மதுரை,
பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே வாசித்தேன். முடித்தபின் மேலே போய் அந்த ஒரு வரியை மறுபடி வாசித்தேன். பூங்கனிக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு.

நான் மதுரைக்குப் புறப்பட்ட அன்று மார்த்தாண்டம் முக்கில் பஸ்ஸுக்கு நின்றோம். எல்லார் காதிலும் விழும்படி, ‘ராஜா வேஷம் கெட்டிட்டு வாலே, ராணி வீட்டுல இருக்கா’ என்று சொன்னீர்கள். பூங்கனி எனக்கு முறைப்பெண். நான் அதை வாக்கு என்று வைத்துக்கொண்டேன். இங்கே எத்தனை அடி வாங்கியிருக்கிறேன், எத்தனை நாள் படுதாவுக்கு அடியில் தூங்கியிருக்கிறேன், எல்லாம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான். பபூன் வேஷந்தான் கிடைத்தது என்று நான் எழுதிய கடிதத்துக்கு இந்தப் பதில் வந்திருக்கிறது. ராஜபார்ட் கிடைத்தது என்று எழுதியிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்னவோ.

போகட்டும். அவள் நன்றாக இருக்கட்டும்.

சந்தைச் சண்டையை ஐயப்பனோடு ஒத்திகை பார்த்தேன். எடுபடவில்லை. வாத்தியார் பாதியில் எழுந்து வெற்றிலை துப்பப் போனவர் திரும்பி வரவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் காட்சி கட்டி, பாட்டும் மெட்டும் போட்டாயிற்று. நான்தான் வெறுங்கையோடு நிற்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நேசையன் அழுதபோது அவர் குரல் மேலே போயிற்றா, கீழே இறங்கிற்றா? கையை எங்கே வைத்திருந்தார்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். மனிதர்கள் எப்படி அழுகிறார்கள் என்று வேஷக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார் வாத்தியார்.

ஞானதாசன்

* * *

மார்த்தாண்டம்,
மார்ச் 4

மொகத்தத் தூக்கி வச்சிருக்க மருமவனுக்கு,

முக்குல நிண்ணு சொன்னதயா வாக்குண்ணு முடிஞ்சு வச்சிருந்த? அண்ணைக்கு அந்த பஸ்ஸு டிரைவரப் பாத்து, ‘இந்த வண்டிய எனக்கு சீதனமாத் தாரும் ஓய்’ண்ணுந்தான் சொன்னேன். அவன் எறங்கிச் சாவியத் தந்தானா? சிரிச்சிட்டு ஓட்டிட்டுப் போனான். அவனுக்குள்ள வெவரம் ஒனக்கு இல்லாமப் போச்சே.

ஆனாலும் மனசு கேக்கல. பூங்கனிய அடுக்களையில பிடிச்சு நிறுத்தி கேட்டேன். “ஞானதாசனுக்கு ஒன்மேல ஒரு எண்ணம் இருக்காம். நீ என்ன சொல்லுத?”

“அவனுக்கு என்மேல எண்ணம் இல்லப்பா. என்னப் பாத்தா அவனுக்கு ஒரு பாட்டு வரும். பாட்டு முடிஞ்சா சோறு கேப்பான்”ண்ணா.

“அப்பம் சாரு?”

“சாரு பாடவே மாட்டாரு.”

பொய்யி. சாரு பாடுவான். சபைக்கு நடுவுல நிண்ணு அவன் தாளந்தப்பிப் பாடினதப் பாத்து இவ சிரிச்சாளாம், இவ சிரிக்கதப் பாத்து அவனும் சிரிச்சானாம். ரெண்டும் அதுல விழுந்துட்டு. ஈஸ்டர் கழிஞ்சு கோயில்ல மொத ஓலை வாசிப்பாவ, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை உள்ளவங்க சொல்லலாம்ணு. ஒனக்க மாமி இப்பமே அயல்வீடெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. பூங்கனி மொகத்துல இப்பிடி ஒரு வெளிச்சத்த நான் பாத்ததில்ல. இந்தக் கலியாணம் நல்லா நடந்துட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

நீ கேட்டதுக்குப் பதிலு. கொரலு கீழதான் போச்சு. கெணத்துல வாளி எறங்குத மாறி, மெள்ள மெள்ள. கை ரெண்டும் எலைக்க ரெண்டு ஓரத்தையும் அமுத்திப் பிடிச்சிருந்து, ஆரோ எலைய இழுத்திட்டுப் போவப்போற மாறி. நல்ல கேள்வி கேக்க, கொள்ளாம். மதுரையில படிக்க பய எங்கிட்ட பாடம் கேக்கானேண்ணு கடையில நாலுபேருட்ட சொல்லிக்கிட்டேன். என்ன பாடம்ணு சொல்லல. நீயும் அத எங்கயும் எடுத்துராத. கேட்டியா.

ஏசுஅடிமை

* * *

மதுரை,
மார்ச் 18

அன்புள்ள மாமாவுக்கு,

நான் தேறிவிட்டேன். கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். முதல் செய்தி உங்களுக்குத்தான்.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. நோட்டீசில் ‘மார்த்தாண்டம் ஞானதாசன்’ என்று ஊர்ப்பேரோடு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஆடியவர்களுக்கு ஜனங்கள் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தந்தான் கேட்டது.

கோபிக்காமல் வாசியுங்கள். நான் சந்தைச் சண்டையை நடிக்கவில்லை. இரண்டு சம்பந்திகள் இலைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சாமியிடம் பேரம் பேசுகிறார்கள். ஐயப்பன் ஒரு சம்பந்தி, நான் ஒரு சம்பந்தி. வேதக்காரர் என்றே காட்டவில்லை, முருகனைக் கும்பிடுகிறவர்களாக மாற்றிவிட்டோம். ஊர் இல்லை, பேர் இல்லை. ‘இடுப்புக்குச் சேலை இருக்கு’ என்றதும் பின்னால் ஒரு பெஞ்சு முறிந்து விழுந்தது.

ஆனால் பேரம் முடிந்தபின் காட்சி தொங்கும். ஒத்திகையிலேயே அது தெரிந்தது. அதனால் அழுகையைச் சேர்த்தேன். இலையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, ‘ஒரு நாழிகைக்கு அவளை அனுப்பித் தாரும்’ என்று குரலைக் கீழே இறக்கினேன். ஹார்மோனியமும் கூடவே இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஐயப்பன் என் இலையிலிருந்து அப்பளத்தை மெதுவாக உருவினான். மாமா, அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கி வந்ததும் வாத்தியார் என் தோளைத் தட்டினார். இதுவரை தலையில்தான் தட்டியிருக்கிறார்.

நம் பக்கத்து ஆள் ஒருவர் வந்திருந்தார் போல. கோட்டுப் போட்டவர், காலடியில் ஜவுளி மூட்டை. தொடக்கத்தில் எல்லாரையும்விட அவர்தான் உரக்கச் சிரித்தார். அவர் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே நான் மேலே போனேன். அழுகை வந்தபோது எழுந்து போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

உங்களால்தான் ஜெயித்தேன். அதை மறக்கமாட்டேன்.

ஞானதாசன்

* * *

மார்த்தாண்டம்,
மார்ச் 30

ஞானதாசனுக்கு,

அந்த ஆளுக்கு பஸ்ஸுக்கு நேரமாவல. அவருதான் நேசையன்.

சரக்கெடுக்க மதுரைக்கு வந்தவரு நோட்டீசக் கண்டிருக்காரு. மார்த்தாண்டம் ஞானதாசன், சம்மந்திக்க மருமவனாச்சே, பாத்துட்டுப் போயி ஊருல பெருமையாச் சொல்லலாம்ணு டிக்கெட்டு எடுத்து உள்ள வந்தாராம்.

செவ்வாக்கெழம சாரு வந்தான். வாசப்படி ஏறல. “அப்பா வேண்டாங்காவ”ண்ணு மட்டும் சொன்னான். பூங்கனி சன்னலுக்கப் பின்னால நிக்கது தெரிஞ்சும் அந்தப் பக்கம் பாக்காம போனான்.

நான் களியக்காவிளைக்குப் போனேன். கடையில இருந்தாரு. “இரியும்”ண்ணாரு. மரியாதைக்கு ஒரு குறவும் வைக்கல.

“பய செஞ்ச தப்பு”ண்ணேன்.

“பயலுக்கு எப்பிடித் தெரியும்? அவன் அங்க இல்லியே.”

“நான் எழுதினேன்.”

“என்ன எழுதினீரு? சொல்லும், கேக்கட்டு.”

“அது எதுக்கு இப்பம்?”

“மதுரையில கொட்டகை நெறய ஆளு கேட்டாச்சு. நான் கேக்கப்படாதா? சொல்லும் ஓய்.”

சொன்னேன். எங்க தொடங்கணும்ணு தெரியல. கடையில நாலுபேரு நிண்ணா வாயி தானா எடுக்கும் எனக்கு. அண்ணைக்கு ஒவ்வொரு வாக்கையும் பிடிச்சு இழுத்துப் போட வேண்டியிருந்து. இடுப்புக்குச் சேலை வந்தப்பம் தண்ணி கேட்டுக் குடிச்சேன். துணி அளக்க பயலுவ தறயப் பாத்திட்டு நிண்ணானுவ. ஒருத்தன் மொகத்துலயும் ஒரு அசைவு இல்ல. ஞானசெல்வி எடம் வந்தப்பம் நிறுத்தினேன். “அதையுஞ் சொல்லும்”ண்ணாரு. அதையுஞ் சொன்னேன்.

கேட்டு முடிச்சிட்டு நேசையன் சொல்லுதாரு, “ஒம்ம மருமவன் இதவிட நல்லாச் சொன்னான்.”

பிறவு சொன்னாரு: “பேரத்துக்கு எனக்குக் கோவம் இல்ல. பேரம் பேசினது நெசம். அதுக்கு நானே அங்க இருந்து சிரிச்சேன், இந்தப் பய கெட்டிக்காரன்னு. அவள எதுக்கு ஓய் மேடையில ஏத்தினிய? அண்ணைக்கு நான் ஆண்டவர்ட்டதான் பேசினேன். நீரு கண்ண மூடியிருக்கீருண்ணு நம்பிப் பேசினேன்.”

நான் பூங்கனியப் பத்தி எடுத்தேன்.

“பிள்ள நல்ல பிள்ள. எனக்க மவனுக்கும் மனசுதான். ஆனா நாளைக்கு ஒம்ம வீட்டுல வந்து ஒரு சாயா குடிக்கணும்னா, இத இவரு ஆருக்கு எழுதப் போறாரோண்ணு இருக்கும். அப்பிடி சாயா எறங்காது ஓய்.”

பஸ்ஸு நிண்ணுது. ஏறல. நடந்தேதான் வந்தேன்.

முருகன்னு மாத்தினேன், ஊரு இல்ல பேரு இல்லண்ணு எழுதியிருக்க. அவரு வாயில வந்த சொல்ல மாத்தினியா? எலைய அமுத்தின கைய மாத்தினியா? அந்தக் கைய ஒனக்குக் காட்டித் தந்தவன் நாந்தான். நீ கேட்டப்பம் எனக்குப் பெருமையா இருந்து. வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி நானே பெட்டியத் தொறந்து காட்டினேன். நீ எடுத்துட்டுப் போயி சந்தையில விரிச்சு வச்ச. நான் சிரிக்க முடியலண்ணு எழுதின ஒரே எடந்தான் ஒனக்குச் சிரிப்புக்குக் கெடச்சுது இல்லியா.

பூங்கனி அழல. அழுதா நல்லாருக்கும்.

ஏசுஅடிமை

* * *

மதுரை,
ஏப்ரல் 6

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐயப்பனிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. இனிமேல் காட்டமாட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘இத ஒருத்தர்ட்டயும் சொல்லாதீங்க’ என்பதை நீங்கள் கடையில் ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் சொல்வீர்கள். சொல்லிவிட்டு அடுத்து வருகிறவருக்கு நீங்களே சொல்வீர்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். முக்கில் நீங்கள் சொன்னதை வாக்கு என்று நம்பினேன், அது வேடிக்கை என்றீர்கள். கடிதத்தில் சொன்னதை வேடிக்கை என்று எடுத்தேன், அது வாக்கு என்கிறீர்கள். எதை எப்படிப் பிரிப்பது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கல்யாணம் நிற்கட்டும் என்றா செய்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் பயமாக இருக்கிறது. மேடை ஏறிய அன்று அந்த நினைப்பு இல்லை. ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முந்தி, அந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்த நாளில் இருந்ததா என்றால், வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கெடுத்தவனே சரிசெய்யட்டும். பூங்கனியை நான் கட்டிக்கொள்கிறேன். இப்போது எனக்குச் சம்பளமும் உண்டு.

இன்னொன்று. ஈஸ்டர் கழிந்ததும் கம்பெனி நாகர்கோவிலில் கொட்டகை போடுகிறது. முதல் நாளே அந்தக் காட்சிதான் வேண்டும் என்கிறார் முதலாளி. நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. மறுத்தால் என் இடம் போய்விடும். நீங்கள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால், அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஞானதாசன்

* * *

மார்த்தாண்டம்,
ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

ஞானதாசனுக்கு,

கோயில் விட்டு வந்து எழுதுதேன்.

ஒனக்க கடிதாசிய பூங்கனிக்கு முழுசும் வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் மறைக்கல. கெட்டிக்கிடுதேன்னு எழுதின எடம் வந்தப்பம், “இன்னொருக்க வாசியும்ப்பா”ண்ணா. வாசிச்சேன்.

“அவன் என்னயக் கெட்டினா, நான் என்னைக்காவது அழும்பம் கை எங்க வச்சிருக்கேண்ணு பாத்துக்கிட்டு இருப்பான்”ண்ணா. பிறவு அரிசி பொடைக்கப் போயிட்டா. அதுதான் பதிலு.

நாரோயில் காரியம். வேண்டாம்ணு ஒரு வரி கேக்க. தரமாட்டேன். தந்தா, மாமன் தடுத்தாரு, இல்லேண்ணா எங்கயோ போயிருப்பேண்ணு காலம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிவ. நடிண்ணும் எழுதமாட்டேன். எழுதினா, மாமனே சம்மதிச்சாருண்ணு சொல்லுவ. மேடையில ஏறப்போறது நீ. நாரோயிலுக்கு நேசையன் சரக்கோட வாறவருண்ணு ஒனக்குத் தெரியும். சாருக்கு அங்க கூட்டாளிமாரு உண்டுண்ணும் தெரிஞ்சுக்க. இனி ‘ஆருண்ணு தெரியாது’ண்ணு சொல்லதுக்கு ஒனக்கு வழியில்ல.

கல்யாணம் நிக்கட்டும்ணு செஞ்சியாண்ணு நான் கேக்கல. கேட்டா நீ ஒரு பதிலு சொல்லுவ. அத நம்பவா வேண்டாமாண்ணு நான் இருந்து மண்டய ஒடைக்கணும். எனக்கு அதுக்கு வயசு இல்ல.

நீ சொன்னதுல ஒண்ணு செரி. எது வேடிக்க, எது வாக்குண்ணு நான் பிரிச்சுத் தரல. அதுக்குப் பூங்கனி என்ன செஞ்சா?

ஒனக்க அம்மை ஒன்னப் பாக்க நாரோயிலுக்கு வருவா. அவ பெத்தவ, வரட்டு. நான் வரல. கடையில ஆளுவ கேக்காவ, ஏசுஅடிமைக்கு என்ன ஓய், பல்லுவலியாண்ணு. ஆமாண்ணு சொல்லியிருக்கேன்.

இனி வீட்டு விசேசம் கேட்டு எழுதாண்டாம். எல்லாருக்கும் சொகந்தான். இண்ணைக்குக் காலத்த, கோயிலுக்குப் பொறப்படும்பம், பூங்கனி ஒரு காரியத்தப் பாத்து சிரிச்சா. இத்தன நாளு கழிஞ்சு, நல்லா சத்தமாட்டு. அவளுக்க அம்மை அடுக்களையில இருந்து ஓடி வந்து பாத்தா.

எதுக்குச் சிரிச்சாண்ணு ஒனக்கு எழுதமாட்டேன்.

ஏசுஅடிமை